மோண்ட்ரியனின் கட்டங்கள்: எங்கிருந்து வந்தன, எங்கே போயின

கேள்வி இதுதான். வெள்ளைப் பரப்பில் கருப்புக் கோடுகளும் நடுநடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் போட்ட அந்த டச்சு ஓவியர் யார்? நவீன ஓவியத்தில் அவருடைய தாக்கம் பெரிது என்று எல்லோரும் சொல்வது எந்த அளவுக்கு உண்மை? கூடவே ஒரு சந்தேகமும் கேட்கப்பட்டிருக்கிறது: ஸ்கேலும் பெயின்டும் இருந்தால் இதை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாமே?

அவர் பெயர் பீட் மோண்ட்ரியன். சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோற்றத்தை யாரும் போட்டுவிடலாம். துணியிலும் பையிலும் கடைப் பலகையிலும் உலகம் முழுக்கப் போட்டும்விட்டார்கள். ஆனால் அவர் கித்தானில் செய்த வேலைக்கும் இந்தத் தோற்றத்துக்கும் தூரம் அதிகம். அவருடைய புகழில் பெரும்பகுதி தோற்றத்துக்குக் கிடைத்தது, வேலைக்குக் கிடைக்கவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1872 மார்ச் 7 அன்று நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் ஊரில் பிறந்தார். அப்பா புராட்டஸ்டன்ட் பள்ளித் தலைமை ஆசிரியர், சமயப் பற்றில் கண்டிப்பானவர், ஓரளவு படமும் வரைவார். சித்தப்பா ஃப்ரிட்ஸ் தொழில்முறை நிலக்காட்சி ஓவியர். பையனுக்கு எட்டு வயதானபோது குடும்பம் விண்டர்ஸ்வைக் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. ஓவியனாகப் போகிறேன் என்றதும் வீட்டில், முதலில் வயிற்றுப்பாட்டுக்கு வழி பார் என்றார்கள். 1889-லும் 1892-லும் ஓவிய ஆசிரியர் சான்றிதழ்கள் வாங்கினார். அப்புறம்தான் ஆம்ஸ்டர்டாமின் அரசுக் கலைக் கல்லூரிக்குப் போனார்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அவர் வரைந்தது ஆறு, காற்றாலை, பண்ணை வீடு, மாடு, மாலை வெளிச்சம். நல்ல வேலைதான், சில மிகவும் அழகானவை. 35 வயதில் அவர் இறந்திருந்தால் டச்சு நிலக்காட்சி ஓவியர்களின் நீண்ட பட்டியலில் ஒரு பெயராக நின்றிருப்பார். இன்று நமக்குத் தெரிந்த கட்டங்கள் 1920, 1921 வாக்கில்தான் வருகின்றன. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வரையத் தெரியாமல் கோடு போட்டார் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே போதும்.

நடுவில் என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியம்.

1908-லிருந்து கோடைக்காலங்களில் ஜேலந்து மாகாணத்தின் டோம்பர்க் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போக ஆரம்பித்தார். யான் டோரோப் முதலிய ஓவியர்கள் அங்கே கூடுவார்கள். வான் கோவின் நிறங்களும் பாரிஸின் புள்ளி ஓவியமும் அவர்கள் வழியாக மோண்ட்ரியனை எட்டின. பழுப்பும் சாம்பலுமாக இருந்த அவருடைய வண்ணத் தட்டில் திடீரென்று சிவப்பும் நீலமும் மஞ்சளும் கொட்டின. அந்தக் காலத்துக் காற்றாலை ஓவியம் ஒன்று, வெயிலில் தீப்பிடித்து நிற்கும் ஆலை, கிட்டத்தட்ட இந்த மூன்று நிறத்திலேயே வரையப்பட்டது. பிறகு வந்த கட்டங்களின் நிறங்கள் 1908-லேயே வீட்டுக்குள் வந்துவிட்டன என்று சொல்லலாம்.

அப்புறம் மரங்கள். மோண்ட்ரியனைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வழி சொல்லுங்கள் என்றால் மூன்று மர ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். மூன்றும் நெதர்லாந்தின் டென் ஹாக் (தி ஹேக்) நகரின் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முதலாவது 'சிவப்பு மரம்', 1908-க்கும் 1910-க்கும் இடையில் வரைந்தது. நீல மாலை வெளியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த இலையற்ற மரம், கிளைகள் சிவப்பாக முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. உணர்ச்சி கொந்தளிக்கிறது, வான் கோவின் சாயல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் மரம் மரமாகவே இருக்கிறது. இரண்டாவது 1911-ல் வரைந்த 'சாம்பல் மரம்'. நிறம் போய்விட்டது. கிளைகள் வில் வில்லாக வளைந்து நான்கு பக்கமும் பரவுகின்றன. இங்கே கவனிக்கவேண்டியது கிளைகளை அல்ல, கிளைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றை. அந்த இடைவெளிகளைத் தடித்த வண்ணத்தில், கிளைக்குக் கொடுத்த அதே கவனத்தோடு பூசியிருக்கிறார். வானம் மரத்துக்குப் பின்னால் இல்லை, மரத்தோடு ஒரே தளத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது 1912-ன் 'பூத்த ஆப்பிள் மரம்'. தலைப்பு இல்லாவிட்டால் மரம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சில வளைகோடுகள், அவற்றுக்கிடையே அடைபட்ட இளம் நிறங்கள், அவ்வளவுதான். நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு தண்டாக இருக்கலாம்.

பொருளுக்கும் வெற்றிடத்துக்கும் சம மரியாதை கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. 1930-ன் கட்ட ஓவியத்தில் வெள்ளையைப் பின்னணி என்றும் சிவப்பைப் படம் என்றும் பார்த்தால் தவறிவிடுவோம். அங்கே பின்னணியே கிடையாது.

பாரிஸுக்கு அவரை இழுத்தது 1911-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு கண்காட்சி. பிக்காசோவும் பிராக்கும் செய்த கியூபிசத்தை, அதாவது பொருளைத் துண்டு துண்டாக உடைத்து அடுக்கி வரையும் பாணியை, அதில் பார்த்தார். கொஞ்ச நாளிலேயே மூட்டையைக் கட்டினார். வயது நாற்பது ஆகப் போகிறது, ஊரில் பெயர் இருக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து கற்கப் போன துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். கியூபிசத்தையும் அவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. பிக்காசோ கித்தாரையும் பாட்டிலையும் உடைத்து அடுக்கினாலும் கித்தாரை விடமாட்டார். மோண்ட்ரியனுக்கு அது பாதி வழியில் நிற்பதாகப் பட்டது.

இதற்குள் ஒரு சமயக் காரணமும் இருந்தது. 1909-ல் அவர் பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினரானார். ஆம், நம்முடைய அடையாற்றில் தலைமையகம் உள்ள அதே சபைதான். அன்னி பெசன்ட் அப்போது அதன் தலைவர். கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது, மனிதன் படிப்படியாக அதை நோக்கிப் போகிறான் என்ற அந்தப் போதனை, கண்டிப்பான கால்வினிய வீட்டில் வளர்ந்த மோண்ட்ரியனைப் பிடித்துக்கொண்டது. 1910, 1911-ல் 'பரிணாமம்' என்று மூன்று பெண் உருவங்கள் கொண்ட பெரிய ஓவியம் ஒன்று செய்தார். நேரடியாகத் தத்துவத்தைப் படமாக்கும் முயற்சி. விறைப்பான ஓவியம், அவர் செய்ததில் பலவீனமானவற்றில் ஒன்று என்றே நினைக்கிறேன். அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், அந்தப் பாதையில் மறுபடி போகவில்லை. ஆனால் சபை தந்த ஒரு எண்ணம் கடைசிவரை கூடவே வந்தது: நிமிர்ந்ததும் படுத்ததும், ஆணும் பெண்ணும், ஆவியும் பொருளும், எதிரெதிரானவை ஒன்றையொன்று சமன்செய்வதில்தான் உண்மை இருக்கிறது. கோடுகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளாவிட்டாலும் ஓவியம் நிற்கும், அதுதான் அதன் பலம்.

1914-ல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தவர் முதல் உலகப்போர் வெடித்ததால் திரும்பமுடியாமல் மாட்டிக்கொண்டார். ஐந்து வருடம். டோம்பர்க் கடலைப் பார்த்து, அலையும் வானமும் கடலுக்குள் நீளும் மரத்தடுப்பும் எல்லாம் சின்னச் சின்னக் கிடைக்கோடும் செங்குத்துக்கோடுமாக மாறிய ஓவியங்களைச் செய்தார். 1915-ன் கருப்பு வெள்ளை ஓவியம் ஒன்று ஓட்டர்லோ ஊரின் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் தூவினாற்போல் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் கடல் மினுங்குகிறது.

லாரன் என்ற ஊரில் இருந்தபோது, தட்டையான தூய நிறங்களைப் பயன்படுத்திய பார்ட் வான் டெர் லெக்கைச் சந்தித்தார். தியோ வான் டூஸ்பர்க் என்ற, ஓயாமல் ஏதாவது ஆரம்பித்துக்கொண்டே இருக்கும் மனிதரோடும் பழக்கமானது. 1917 அக்டோபரில் வான் டூஸ்பர்க் 'டி ஸ்டைல்' இதழைத் தொடங்கினார். மோண்ட்ரியன் அதில் நீண்ட கட்டுரைகள் எழுதினார், தன் வழிக்கு 'நியோபிளாஸ்டிசிசம்' என்று பெயர் வைத்தார். படிக்கக் கடினமான கட்டுரைகள். சாரம் எளிது. வளைவு ஒரு குறிப்பிட்ட பொருளை நினைவூட்டும், பச்சை ஒரு இலையை நினைவூட்டும். நினைவூட்டுபவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது உறவு மட்டும்: இது பெரியது அது சின்னது, இது கனம் அது லேசு, இது இங்கே அது அங்கே. அந்த உறவை நேராகக் காட்ட நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, மூன்று அடிப்படை நிறங்கள், வெள்ளை, கருப்பு, சாம்பல் போதும்.

1919-ல் பாரிஸ் திரும்பினார். 1921 முதல் 1936 வரை மோம்பர்னாஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரூ டு டேபார் தெருவின் 26-ம் எண் வீட்டில் இருந்தார். அவருடைய முக்கியமான வேலைகளின் நீண்ட பட்டியல் பிறந்த இடம் அது.

இப்போது ஒரு ஓவியத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எல்லோரும் பார்த்திருக்கும் ஓவியம்தான்: 1930-ன் 'சிவப்பு, நீலம், மஞ்சள் கொண்ட அமைப்பு', சூரிச் நகரின் கலைக்கூடத்தில் உள்ளது. பக்கத்துக்கு அரை மீட்டர்கூடக் கிடையாது. வலது மேல்பக்கத்தை ஒரு பெரிய சிவப்புச் சதுரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது கீழ் மூலையில் நீலம், சிவப்பைவிட மிகச் சின்னது. வலது கீழ் மூலையில் ஒரு கீற்று மஞ்சள். மீதி வெள்ளை.

சிவப்பு இத்தனை பெரிதாக இருந்தும் படம் ஏன் வலப்பக்கம் சாயவில்லை? இடப்பக்கம் இரண்டு வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே ஒரு குட்டைக் கருப்புக் கோடு இருக்கிறது. மற்ற கோடுகளைவிட அது தடித்தது. விரலால் அதை மறைத்துப் பாருங்கள், சிவப்பு சரிந்து வருவதுபோல் ஆகிவிடும். அந்தக் காலத்துச் சந்தைகளில் வெள்ளிக்கோல் வைத்திருப்பார்களே, நீண்ட தண்டின் ஓரத்தில் சின்னக் குண்டு தொங்கி மறுபக்கத்து மூட்டையைத் தாங்குமே, அந்தச் சமநிலைதான் இது. இரண்டு தட்டிலும் ஒரே எடை வைத்துக் கிடைப்பதல்ல. மோண்ட்ரியன் ஓவியங்களில் நடுக்கோடு போட்டு மடித்தால் இரண்டு பாதி ஒத்துப்போவது அபூர்வம். சமச்சீரை அவர் தவிர்த்தார், சமநிலையைத் தேடினார்.

இதைக் கணக்குப் போட்டுச் செய்தார் என்று பலர் நம்புகிறார்கள். விகித சூத்திரம், தங்க விகிதம் என்றெல்லாம் எழுதுவதைப் பார்க்கிறேன். அவர் கண்ணால்தான் செய்தார். கரியால் கோடு போட்டு, அழித்து, தள்ளி வைத்து, மறுபடி அழித்து, ஒரு கோட்டின் தடிமனை நூலளவு கூட்டி, நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, அப்புறம் மாற்றுவார்.

பரப்பையும் சொல்லவேண்டும், ஏனென்றால் புத்தகத்திலும் போன் திரையிலும் முதலில் காணாமல் போவது அதுதான். அச்சில் அவருடைய வெள்ளை வெறும் காகிதமாகத் தெரியும். நேரில் அது பல அடுக்காகப் பூசிய எண்ணெய் வண்ணம். ஒரு கட்டத்தின் வெள்ளை லேசாக நீலம் கலந்தது, பக்கத்துக் கட்டத்தினுடையது சாம்பல் கலந்தது. ஒன்றில் தூரிகை மேலும் கீழுமாக ஓடியிருக்கும், அடுத்ததில் குறுக்கே ஓடியிருக்கும், வெளிச்சம் பட்டால் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். கருப்புக்கு ஒரு பளபளப்பு உண்டு. 1921 வாக்கிலான சில ஓவியங்களில் கருப்புக் கோடு கித்தானின் விளிம்புவரை போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். ஒரு விரற்கடை இடைவெளி. அங்கே நின்றதால் அந்தக் கோடு படத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியே ஓடவில்லை. பிறகு வந்தவற்றில் விளிம்பைத் தொடவும் வைத்தார், சிலவற்றில் பக்கவாட்டிலும் மடித்து ஓட்டினார். சட்டத்துக்குள் படத்தைப் புதைக்காமல் சட்டத்துக்கு முன்னால் எடுத்து நிறுத்தும் பழக்கமும் அவருடையது. ஸ்கேலும் பெயின்டும் போதாது என்று சொல்வது இதனால்தான்.

பணம்? கிடையாது. கட்ட ஓவியங்களை வாங்க ஆளில்லாத வருடங்களில் நெதர்லாந்தில் விற்பதற்காக நீர்வண்ணத்தில் பூக்கள் வரைந்து அனுப்பினார். தனித்த ஒரு சாமந்தி, தனித்த ஒரு ரோஜா. இந்தப் பூக்கள் பிழைப்புக்காக வரைந்தவைதான், ஆனால் சில மிக நுணுக்கமானவை, வெட்கப்பட ஒன்றுமில்லை. சூரிச் ஓவியத்தின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க 1930-ன் இன்னொரு ஓவியம் 2022 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5.1 கோடி டாலருக்குப் போனது. திருமணம் செய்துகொள்ளாமல், ஒற்றை ஆளாக, அடுப்பும் கட்டிலும் ஓவியத் தாங்கியும் இருந்த இடத்தில் வாழ்ந்த மனிதரின் ஓவியம்.

அந்த அறையையே ஓவியமாக்கிவிட்டார். சுவரில் சிவப்பு, மஞ்சள், சாம்பல் அட்டைச் சதுரங்களை மாட்டி, வேலைக்குத் தகுந்தபடி இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். வாசலில் ஒரு குவளையில் செயற்கைத் துலிப் பூ, அதன் இலைக்கு வெள்ளை அடித்திருந்தார். 1926-ல் ஆந்த்ரே கெர்ட்டேஷ் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அந்தக் குவளையைப் பார்க்கலாம். 1930-ல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் அங்கே வந்தார். சுவரில் இருந்த நிறச் சதுரங்களைப் பார்த்து, இவை அசைந்தால் நன்றாக இருக்குமே என்றார். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கனவே வேகமாகத்தான் இருக்கிறது என்றார் மோண்ட்ரியன். கால்டர் திரும்பிப்போய் அசையும் சிற்பங்களைச் செய்ய ஆரம்பித்தார். ஒரு அறை இன்னொரு கலைஞனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அவரைத் துறவிபோலச் சித்தரிப்பது வழக்கம். முழு உண்மை அல்ல. நடனப் பைத்தியம் அவர். நெதர்லாந்தில் சார்ல்ஸ்டன் நடனத்தைத் தடைசெய்யும் பேச்சு எழுந்தபோது, தடைசெய்தால் நான் ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்று 1926-ல் ஒரு பேட்டியில் சொன்னார்.

வான் டூஸ்பர்க் சாய்கோடு போட ஆரம்பித்ததால் இருவரும் பிரிந்தார்கள் என்ற கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 1925-ல் பிரிந்தது உண்மை, சாய்கோடு காரணங்களில் ஒன்று. கட்டடக்கலை, காலம், இயக்கம் பற்றிய கருத்து வேறுபாடுகளும் இருந்தன. மோண்ட்ரியன் தானும் கித்தானைச் சாய்த்து வைரவடிவில் மாட்டினார், ஆனால் அதற்குள் கோடுகள் நேராகவே நின்றன.

அடிக்கடி விட்டுப்போகும் ஒரு பெயரை இங்கே சொல்லவேண்டும். 1932-லிருந்து மோண்ட்ரியன் ஓவியங்களில் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு வருகிறது. அதற்கு முன்பே இரட்டைக் கோட்டைப் பயன்படுத்தியவர் மார்லோ மாஸ், பாரிஸில் இருந்த ஆங்கிலேயப் பெண் ஓவியர். அவர் மோண்ட்ரியனிடமிருந்து கற்றவர், அப்புறம் மோண்ட்ரியன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. தாக்கம் என்பதை ஒருவழிப் பாதையாக எழுதும் கலை வரலாறுகளில் மாஸின் பெயர் பல காலம் காணப்படவே இல்லை. இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

1937-ல் நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் மோண்ட்ரியனின் ஓவியங்களும் மாட்டப்பட்டன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் லண்டனுக்குப் போனார். ஆங்கிலேயக் கலைஞர்களான பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வொர்த் இருந்த ஹாம்ஸ்டெட் பகுதியில் தங்கினார். லண்டன்மீது குண்டு விழ ஆரம்பித்ததும் 1940 அக்டோபரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வயது 68. பணமும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்தவர் ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் அமெரிக்க ஓவியர். மோண்ட்ரியன் வந்தவுடன் பூகி-வூகி இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர்களின் இசை அது: இடது கை ஒரே தாளத்தை விடாமல் உருட்டிக்கொண்டிருக்க வலது கை இஷ்டத்துக்கு வெட்டி வெட்டிப் போகும். மோண்ட்ரியன் கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

அங்கே இன்னொன்றும் கிடைத்தது, நிறம் பூசிய ஒட்டுநாடா. கரிக்கோட்டை அழித்துக்கொண்டிருக்க வேண்டாம், நாடாவை உரித்து வேறு இடத்தில் ஒட்டினால் போதும். கோடுகளே நிறமாகின. கருப்பு மறைந்தது. 1942, 1943-ல் செய்த 'பிராட்வே பூகி-வூகி' 127 சென்டிமீட்டர் சதுரம். மஞ்சள் கோடுகள், அவற்றின்மேல் விட்டுவிட்டு மினுங்கும் சிவப்பு, நீல, சாம்பல் சதுரத் துண்டுகள். இருபது வருடம் கட்டிக்காத்த கருப்புக் கோட்டை 70 வயதில் கைவிட்ட துணிவு அதில் இருக்கிறது. பிரேசில் சிற்பி மரியா மார்ட்டின்ஸ் அதை 800 டாலருக்கு வாங்கி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது 'விக்டரி பூகி-வூகி', போர் வெற்றியை எதிர்பார்த்து வைத்த பெயர். 1944 ஜனவரியில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அந்தக் கடைசி நாட்களில் அவர் மறுபடி அதன்மேல் நாடாத் துண்டுகளையும் நிறக் காகிதத் துண்டுகளையும் ஒட்டி எல்லாவற்றையும் கலைத்தார். பிப்ரவரி 1 அன்று நிமோனியாவால் இறந்தார். நாடாக்கள் அப்படியே ஒட்டியிருக்கின்றன. 1998-ல் டச்சு அரசு சார்பில் 8 கோடி கில்டருக்கு அந்த ஓவியம் வாங்கப்பட்டபோது நாடாளுமன்றம்வரை சர்ச்சை போனது. நாடாவும் காகிதமும் ஒட்டிய முடியாத ஓவியத்துக்கு இவ்வளவா என்று கேட்டார்கள். எனக்கு அவர் செய்தவற்றிலேயே பிடித்தது அதுதான். ஒரு மனம் தன் முடிவை மாற்றிக்கொண்டிருப்பதை அதில் கண்ணால் பார்க்க முடிகிறது.

இன்னொரு நாடா ஓவியத்தின் கதையும் கேளுங்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் இருக்கும் 'நியூயார்க் சிட்டி 1' பல பத்தாண்டுகளாகத் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம் என்று அங்குள்ள காப்பாளர் 2022-ல் அறிவித்தார். கோடுகள் நெருங்கியிருக்கும் பக்கம் கீழே மாட்டப்பட்டிருந்தது, 1944-ல் எடுத்த ஸ்டுடியோ புகைப்படம் ஒன்றில் அந்தப் பக்கம் மேலே இருக்கிறது. திருப்பினால் பழைய நாடாக்கள் பிய்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். செய்தி வந்தபோது நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அந்தப் படத்தின் நகலைத் திருப்பிப் பார்த்தேன், அடர்த்தி மேலே போனதும் படத்தின் நடையே மாறிவிட்டது. எந்தப் பக்கம் என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது, அதனால் நமக்கும் முக்கியம்.

சரி, தாக்கம்.

எல்லோருக்கும் தெரிந்தது 1965-ல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் கொண்டுவந்த மோண்ட்ரியன் கவுன்கள். துணியில் அச்சடித்தவை என்று நினைப்பார்கள். தனித்தனி நிறக் கம்பளித் துண்டுகளை வெட்டி, உடம்பின் வளைவுக்கான தையல்களைக் கருப்புக் கோடுகளுக்குள் மறைத்துத் தைத்தவை. அந்தக் கைவேலைக்கு மரியாதை செய்யவேண்டும். ஆனால் அதற்குப் பிறகு வந்த பிரதிகள் கணக்கில்லை. 1980-களில் பெர்னார் ஹினோவும் கிரெக் லெமாண்டும் ஓட்டிய 'லா வி கிளேர்' சைக்கிள் அணியின் ஜெர்சி, லோரியல் தலைமுடி ஜெல் டப்பா, காலணி, தலையணை உறை என்று போய்க்கொண்டே இருக்கிறது. இவை எல்லாம் எடுத்துக்கொண்டது நிறத்தையும் கட்டத்தையும். எதை எங்கே வைத்தால் எது தாங்கும் என்ற கேள்வி அவற்றில் இல்லை.

கட்டடக்கலையில் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசவேண்டும். டச்சு வடிவமைப்பாளர் ரீட்வெல்டின் சிவப்பு-நீல நாற்காலியையும் 1924-ல் உட்ரெக்டில் கட்டிய ஷ்ரோடர் வீட்டையும் மோண்ட்ரியன் ஓவியத்தை முப்பரிமாணத்தில் செய்தது என்று எழுதுகிறார்கள். ரீட்வெல்ட் தச்சுப் பட்டறையிலிருந்து வந்தவர், தன் வழியில் அங்கே போய்ச்சேர்ந்தவர். இருவரும் 'டி ஸ்டைல்' இதழைச் சுற்றி உருவான ஒரே இயக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் சரி. எழுத்துக்களின் பாதிப்புக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: 1925-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி தன் நூல்வரிசையில் அவருடைய கட்டுரைகளை ஜெர்மனில் வெளியிட்டது.

உண்மையான வாரிசுகளைத் தேடினால் அவரைப்போல வரையாதவர்களிடம் போகவேண்டும். கால்டரைச் சொல்லிவிட்டேன். 1943-ல் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குக்கன்ஹைமின் கண்காட்சிக்கு ஓவியம் தேர்வுசெய்யும் குழுவில் மோண்ட்ரியன் இருந்தார். யாரும் கண்டுகொள்ளாத ஒரு இளைஞனின் குழப்பமான ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்று, அமெரிக்காவில் நான் இதுவரை பார்த்ததிலேயே சுவாரசியமானது இது என்றாராம். அந்த இளைஞர் ஜாக்சன் பொல்லாக். கோட்டில் இம்மி பிசகாத ஒருவர், தரையில் விரித்த கித்தானில் வண்ணத்தைக் கொட்டி வரையப்போகிறவரை அடையாளம் கண்டுகொண்டார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பிரேசில். 1953-ல் சாவ் பாவ்லோ பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் மோண்ட்ரியனுக்கு ஒரு அறை ஒதுக்கினார்கள். அந்தத் தலைமுறையின் லிஜியா கிளார்க், ஹெலியோ ஓய்ட்டிசிக்கா போன்றவர்கள் அவரை ஆழமாகப் படித்தார்கள். கட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். கிளார்க் பார்வையாளர் கையால் மடித்து மாற்றக்கூடிய உலோகச் சிற்பங்களைச் செய்தார், ஓய்ட்டிசிக்கா நிறத்தை உடம்பில் போர்த்தி ஆடும் போர்வைகள் ஆக்கினார். 1959-ல் கிளார்க் இறந்துபோன மோண்ட்ரியனுக்கே ஒரு கடிதம் எழுதினார். தோற்றத்தை விட்டுவிட்டுக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

கடைசியாக, "யார் வேண்டுமானாலும் போடலாம்" என்பவர்கள் அடிக்கடி காட்டும் ஒரு சான்று. 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக்கேல் நோல் என்பவர், மோண்ட்ரியன் 1917-ல் செய்த கோட்டு ஓவியம் ஒன்றைப் பார்த்துக் கணினியில் அதேபோல ஒன்றை உருவாக்கினார். இரண்டையும் 100 பேரிடம் காட்டினார். எது கணினி என்று சரியாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். 59 சதவீதம் பேருக்குக் கணினியின் படமே அதிகம் பிடித்தது. நேர்மையான சோதனைதான், நான் குறைசொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் காட்டியது இரண்டின் கருப்பு வெள்ளை நகல்கள். கித்தான் இல்லை, அளவு இல்லை, தூரிகை ஓடிய திசை இல்லை. ஒழுங்கு குறைவாகத் தெரிந்ததை மனிதக் கை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் வாய்ப்புக் கிடைத்தால் நகலை விட்டு நேரில் பாருங்கள். அமர்ஸ்ஃபோர்டில் அவர் பிறந்த வீட்டில் பாரிஸ் அறையை அப்படியே மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே இடம் போகமுடியும் என்றால் டென் ஹாக் போங்கள். உலகிலேயே பெரிய மோண்ட்ரியன் சேகரிப்பு, ஏறத்தாழ 300 படைப்புகள், அங்கேதான். நேராகக் கட்டங்களுக்குப் போகவேண்டாம். மாடுகளிலும் காற்றாலைகளிலும் ஆரம்பித்து, மூன்று மரங்களிடம் நின்று, அப்புறம் 'விக்டரி பூகி-வூகி'க்கு வாருங்கள். அங்கே நாடாக்களின் விளிம்பை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். சில சுருண்டிருக்கும், சில ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்.